யார் தேவனிடத்தில் சேரலாம்? லேவியராகமம் 21 எழுப்பிய கேள்வி

வாசற்படி எழுதியது:

நான் நடத்தும் வேதபாட வகுப்பில் போன வாரம் நடந்ததை எழுதுகிறேன். பதினேழு வயதுப் பையன் ஒருவன் வருகிறான். சின்ன வயதிலிருந்தே இடது காலில் இரும்புப் பட்டை மாட்டித்தான் நடக்கிறான். லேவியராகமத்தை ஆளுக்குப் பத்து வசனமாக வாசித்து வருகிறோம். ஆரோனின் வம்சத்தில் அங்கவீனமுள்ளவன் சேரலாகாது என்று சொல்லும் 21ஆம் அதிகாரத்தின் பின்பகுதி அவன் முறைக்கு வந்தது. "குருடனானாலும், சப்பாணியானாலும்" என்ற இடத்தில் குரல் தாழ்ந்தது. அடுத்த வசனத்தில் "காலொடிந்தவனானாலும்". வாசிப்பை நிறுத்திவிட்டான். விரல் மட்டும் அந்தச் சொல்லின் மேலேயே இருந்தது. பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, அப்படியென்றால் நான் கிட்ட வரக் கூடாதா?" என்று கேட்டான்.

"அது பழைய ஏற்பாட்டுக் காலத்துச் சட்டம், இப்போது அப்படி இல்லை" என்று அவசரமாகச் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். ஆனால் அந்தப் பதில் அவனுக்குப் போதவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. எனக்கே போதவில்லை.

வீட்டுக்கு வந்து தேடத் தொடங்கினேன். தேடத் தேடக் குழப்பம்தான் கூடியது. யாத்திராகமம் 33:11இல் கர்த்தர் மோசேயோடே சிநேகிதனோடு பேசுவதுபோல முகமுகமாய்ப் பேசுகிறார். அதே அதிகாரத்தில் ஒன்பது வசனம் தள்ளி, என் முகத்தைக் கண்டு ஒரு மனுஷனும் உயிரோடிருக்கக் கூடாது என்கிறார். 24ஆம் அதிகாரத்தில் எழுபது மூப்பர்கள் தேவனைத் தரிசித்து, புசித்துக் குடித்தார்கள். உபாகமம் 23 அண்ணகரையும் (ஆண்மை நீக்கப்பட்டவர்களையும்) மோவாபியர் என்ற அண்டை இனத்தாரையும் சபைக்கு உட்படலாகாது என்கிறது. ஏசாயா 56 அந்த அண்ணகரையே பெயர் சொல்லி அழைக்கிறது. 1 தீமோத்தேயு 6:16 "சேரக்கூடாத ஒளி" என்கிறது. எபிரெயர் 4:16 தைரியமாய்ச் சேருங்கள் என்கிறது. யாக்கோபு 4:8 தேவனிடத்தில் சேருங்கள், அவர் உங்களிடத்தில் சேருவார் என்கிறது.

சேரலாமா, கூடாதா? சனிக்கிழமை அவன் மறுபடியும் வருவான். இந்த முறை அவசரப் பதில் சொல்ல எனக்கு மனம் இல்லை. தெரிந்தவர்கள் உதவுங்கள்.

ஐயவினா எழுதியது:

சகோதரி, நான் இப்போது விசுவாசி அல்ல. ஆனால் இருபது ஆண்டுகள் இந்த நூலோடு வாழ்ந்தவன். அதனால் அக்கறையோடுதான் எழுதுகிறேன்.

இவை முரண்பாடுகள்தான். பல நூற்றாண்டுகளில் பல கைகள் எழுதியவை ஒரே நூலாகச் சேர்ந்திருக்கின்றன. வேதத்தின் முதல் ஐந்து நூல்களான ஐந்தாகமங்களில் வெவ்வேறு மூலங்கள் பின்னிக் கிடக்கின்றன என்று 19ஆம் நூற்றாண்டிலேயே வெல்ஹவுசன் போன்ற வேத ஆராய்ச்சியாளர்கள் விரிவாக வாதிட்டார்கள். லேவியராகமத்தின் சட்டங்கள் ஆசாரியர் மரபிலிருந்து வந்தவை. கூடார வாசலில் மோசேயோடு நண்பனைப் போலப் பேசும் தேவன் வேறொரு மரபின் தேவன். ஆசாரியருக்கு எல்லைக்கோடு முக்கியம். கதைசொல்லிக்கு நெருக்கம் முக்கியம். அந்தப் பையனிடம் இதை உள்ளபடியே சொல்லுங்கள். "முரண்பாடே இல்லை" என்று சாதித்தால், ஒருநாள் அவனே கண்டுபிடித்து உங்கள் மேலிருந்த நம்பிக்கையையும் இழப்பான். எனக்கு அப்படித்தான் நடந்தது.

பனித்துளி எழுதியது:

இயேசு ஜீவனை விட்டபோது தேவாலயத்தின் திரைச்சீலை மேல்தொடங்கிக் கீழ்வரைக்கும் கிழிந்தது. அதோடு எல்லாத் தடையும் நீங்கிவிட்டது. முன்பு கூடாது, இப்போது கூடும். இதற்கு மேல் ஆராய்ச்சி எதற்கு? அந்தத் தம்பிக்கு "என்னிடத்தில் வாருங்கள்" என்ற மத்தேயு 11:28 வாசித்துக் காட்டுங்கள்.

அலெஃப் எழுதியது:

பனித்துளி சொல்வது என் விசுவாசமும்தான். ஆனால் "முன்பு கூடாது, இப்போது கூடும்" என்று வெட்டினாற்போல் பிரிக்க வேதமே இடம் தரவில்லை. தம்மை நோக்கி உண்மையாய்க் கூப்பிடுகிற யாவருக்கும் கர்த்தர் சமீபமாயிருக்கிறார் என்ற 145ஆம் சங்கீதம் திரை கிழிவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்தையது. "சேரக்கூடாத ஒளி" என்ற வசனமோ திரை கிழிந்த பிறகு எழுதப்பட்டது.

எபிரேயம் கற்கிறேன், ஆகவே சொற்களிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் "முகமுகமாய்". எபிரேயத்தில் பானீம் எல் பானீம். இது கண்ணால் கண்டதைச் சொல்லும் சொற்றொடரா என்று சோதிக்க உபாகமத்தைப் பாருங்கள். 5:4இல் (அங்கே பானீம் பெபானீம் என்ற சற்றே மாறிய வடிவம்) மோசே ஜனங்கள் எல்லாரையும் பார்த்து, கர்த்தர் அக்கினியின் நடுவிலிருந்து உங்களோடே முகமுகமாய்ப் பேசினார் என்கிறார். அதே மோசே 4:12இல் அதே நிகழ்ச்சியைப் பற்றி, நீங்கள் சத்தத்தைக் கேட்டீர்கள், ஒரு ரூபத்தையும் காணவில்லை என்கிறார். ஆக, அந்தச் சொற்றொடர் இடையில் ஆள் இல்லாமல் நேருக்கு நேர் பேசுவதைக் குறிக்கிறது. யாத்திராகமம் 33இல் மோசே கேட்டது அதற்கும் மேலான ஒன்று, தேவ மகிமையைக் காண்பது. கிடைத்திருந்ததும் மறுக்கப்பட்டதும் ஒன்றல்ல. எழுபது மூப்பர் கண்டதைப் பற்றி அந்தப் பகுதி வர்ணிப்பது அவர் பாதத்தின்கீழ் இருந்த நீலக்கல் தளத்தை மட்டுமே. அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்பதை எழுதியவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

இரண்டாவது, தமிழில் வாசிக்கும் நமக்கே உரிய ஒரு சிக்கல். பழைய திருப்புதலில் (பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில்) எண்ணாகமம் 1:51ஐ எடுங்கள்: அந்நியன் வாசஸ்தலத்துக்குச் சமீபத்தில் வந்தால் கொலைசெய்யப்படக்கடவன். பதினான்கு அதிகாரம் தள்ளி எண்ணாகமம் 15:14இல், உங்களிடத்தில் தங்கியிருக்கிற அந்நியன் நீங்கள் செய்கிறபடியே தகனபலி செலுத்தலாம் என்று இருக்கிறது. வந்தால் கொலை, வந்தால் பலி! தமிழில் வாசிப்பவருக்கு இதைவிட வெளிப்படையான முரண்பாடு கிடைக்காது. ஆனால் முதல் இடத்தில் எபிரேயச் சொல் ஸார். இரண்டாவது இடத்தில் கேர். ஏசாயா 56இன் "அந்நியபுத்திரன்" பென் நேகார். தமிழில் மூன்றும் அந்நியன் ஆகிவிட்டன.

ஸார் என்றால் அந்த வேலைக்கு உரிமை இல்லாதவன். வேறு நாட்டான் என்று பொருள் இல்லை. லேவியராகமம் 22:12 இதை நன்றாகக் காட்டுகிறது: ஆசாரியனுடைய குமாரத்தி "அந்நியனுக்கு" வாழ்க்கைப்பட்டால் பரிசுத்தமானவைகளில் புசிக்கலாகாது. அந்த மாப்பிள்ளை வெளிநாட்டவன் அல்ல. ஆசாரியக் குடும்பத்தைச் சேராத சாதாரண இஸ்ரவேலன். கேர் என்பவன் குடியேறி உடன் வாழ்பவன். நேகார்தான் உண்மையில் வேற்று இனத்தான்.

மூன்றாவது, "சேருதல்". லேவியராகமம் 21இல் அது காராவ் என்ற வினை. பலியைக் குறிக்கும் கொர்பான் என்ற சொல் இதே வேரிலிருந்துதான் வந்தது. ஆசாரியச் சட்டங்களில் அது பெரும்பாலும் பலிபீடத்தில் பணி செய்ய முன்செல்வதைக் குறிக்கிறது. 21:17 முழுவதையும் வாசித்தால், "தேவனுடைய அப்பத்தைச் செலுத்தும்படி" சேரலாகாது என்றுதான் இருக்கிறது. சகோதரி, உங்கள் மாணவன் 22ஆம் வசனம் வரை வாசித்தானா? அதே அங்கவீனமுள்ள ஆசாரியன் மகா பரிசுத்தமானவைகளில் புசிக்கலாம் என்று அங்கே இருக்கிறது. பலிபீடத்தில் நிற்க முடியாது, ஆனால் தேவனுடைய பந்தியில் அவன் பங்கு குறையவில்லை. மற்றக் கோத்திரத்தான் எவ்வளவு திடகாத்திரமானவனாக இருந்தாலும் அந்த அப்பத்தைத் தொட முடியாது.

வாசற்படி எழுதியது:

இல்லை, 22 வரை வாசிக்கவில்லை. அவன் 19இல் நிறுத்தினான். நான் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டேன். இப்போது அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இன்னும் மூன்று வசனம் பொறுத்திருக்கலாம்.

ஐயவினா எழுதியது:

அலெஃப், "அந்நியன்" பற்றிய விளக்கத்துக்கு நன்றி. நான் வாசித்த இருபது ஆண்டுகளில் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. எண்ணாகமத்தின் அந்த இரண்டு வசனங்களும் முரண்பாடு என்றே நானும் நினைத்திருந்தேன், அதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் அகராதியால் கரையாத இடம் ஒன்று இருக்கிறது. உபாகமம் 23:1 "உட்படலாகாது" என்கிறது. இதில் சொல் மயக்கம் ஏதும் இல்லை. ஏசாயா 56:3 அதே மனிதனைப் பார்த்து, "நான் பட்டமரம்" என்று சொல்லாதே என்கிறது. 5ஆம் வசனம் குமாரரையும் குமாரத்திகளையும் பார்க்கிலும் உத்தமமான பெயரைத் தன் ஆலயத்துக்குள்ளேயே தருவதாக வாக்களிக்கிறது. ஒன்று வெளியே நிறுத்துகிறது, மற்றது உள்ளே அழைக்கிறது. இரண்டுமே கர்த்தருடைய வார்த்தை என்றால், எதை நம்புவது?

நடைமுறையில் எந்தப் பக்கம் வென்றது என்பதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. எருசலேம் ஆலயத்தைச் சுற்றியிருந்த தடுப்புச் சுவரில் கிரேக்கத்தில் பொறித்த எச்சரிக்கைக் கல் 1871இல் கிடைத்தது. கண்டெடுத்தவர் கிளெர்மோன்-கன்னோ, கல் இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதைத் தாண்டி உள்ளே பிடிபடும் பிற இனத்தான் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்பதே அதன் சாரம். 1935இல் இன்னொரு கல்லின் துண்டும் கிடைத்தது. "என் வீடு சகல ஜனங்களுக்கும் ஜெபவீடு" என்று ஏசாயா எழுதிய அதே ஊரில், அதே வீட்டில்!

கரும்பலகை எழுதியது:

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன், கத்தோலிக்கன். எங்கள் மொழிபெயர்ப்பில் யாத்திராகமம் "விடுதலைப் பயணம்" என்று இருக்கும், ஆகவே என் சொற்கள் சற்று வேறுபடலாம்.

ஐயவினா, அந்தக் கல் பவுலின் வாழ்க்கையையே தொட்டது. திருத்தூதர் பணிகள் 21இல் எருசலேமே கொந்தளித்தது, எபேசியனான துரோப்பிமுவை அவர் கோவிலுக்குள் கூட்டிவந்துவிட்டார் என்று எண்ணியதால்தான். அதனால்தான் எபேசியர் 2:14இல் நடுவில் நின்ற தடுப்புச் சுவர் தகர்ந்தது என்று வாசிக்கும்போது, அந்தக் கல்லை நினைக்காமல் என்னால் அடுத்த வரிக்குப் போக முடிவதில்லை.

நான் சொல்ல வந்தது இன்னொன்று. இந்த இழையில் எல்லாரும் "யாருக்கு அனுமதி" என்று கேட்கிறோம். விடுதலைப் பயணம் 24இல் கடவுளைக் கண்டு உண்டு குடித்தவர்களின் பெயர்களைப் பாருங்கள்: மோசே, ஆரோன், நாதாபு, அபிகூ. லேவியர் 10இல் அந்நிய நெருப்பைக் கொண்டுபோய், ஆண்டவர் திருமுன்னிருந்து புறப்பட்ட நெருப்பில் எரிந்துபோனவர்கள் யார்? அதே நாதாபு, அதே அபிகூ. பெயர்ப்பட்டியலில் இடம்பெற்றவர்கள், அழைக்கப்பட்டு மலையேறியவர்கள், ஆரோனின் மூத்த பிள்ளைகள், உடலில் குறையற்றவர்கள். ஒருநாள் விருந்து, ஒருநாள் நெருப்பு. ஆகவே தகுதியுள்ளவன் உள்ளே, தகுதியற்றவன் வெளியே என்ற கணக்கு இந்த நூலுக்குள்ளேயே நிற்கவில்லை. எபிரேயர் 12இலும் அப்படித்தான்: தொட்டால் சாவு என்ற சீனாய் மலையை நீங்கள் அணுகவில்லை, சீயோன் மலையை அணுகியிருக்கிறீர்கள் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே போய், கடைசி வரியில் நம் கடவுள் அழிக்கும் நெருப்பு என்று முடிக்கிறார். அந்தக் கடைசி வரியை விட்டுவிட்டு மேடையில் பேசுகிறவர்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். விடக் கூடாது.

பனித்துளி எழுதியது:

ஐயா, நாதாப், அபியூ இருவரையும் இப்படிச் சேர்த்து வாசித்ததில்லை. மேலே நான் அவசரப்பட்டு எழுதினேன்.

அப்படியென்றால் யோவான் 6:37, 6:44? வருகிறவனைப் புறம்பே தள்ளுவதில்லை என்கிறார். பிதா இழுத்துக்கொள்ளாவிட்டால் ஒருவனும் வரமாட்டான் என்கிறார். 9:31இல் பாவிகளுக்குத் தேவன் செவிகொடுப்பதில்லை என்றும் இருக்கிறது.

அலெஃப் எழுதியது:

9:31 பற்றிச் சுருக்கமாக. யார் பேசுகிறார் என்று பாருங்கள். பார்வை பெற்ற மனிதன் பரிசேயரோடு வாதாடும்போது சொன்னது அது, இயேசு சொன்னதல்ல. இயேசு சொன்ன உவமையில் (லூக்கா 18) தூரத்தில் நின்று கண்களை ஏறெடுக்கவும் துணியாத ஆயக்காரனுடைய ஜெபம் கேட்கப்படுகிறது. 6:37, 6:44 இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஒன்று வந்தவனுக்குக் கிடைக்கும் வரவேற்பு, மற்றது அவனை வரச்செய்தது யார் என்பது. அதற்குள் இருக்கும் முன்குறித்தல் (யார் வருவார் என்று தேவன் முன்பே தீர்மானித்தாரா என்ற) விவாதத்துக்குத் தனி இழை வேண்டும்.

ஐயவினாவின் உபாகமக் கேள்விக்கு வருகிறேன். அதை மழுப்பக் கூடாது. இரண்டு வசனங்களும் எதிரெதிராகத்தான் நிற்கின்றன. நான் கவனித்தது, வேதமும் வேதத்தை வாசித்தவர்களும் இதை மறைக்காமல் வெளிப்படையாகவே வழக்காடினார்கள் என்பது. நெகேமியா 13இல் உபாகமம் 23ஐ வாசித்துப் பலஜாதியாரைப் பிரித்துவிடுகிறார்கள். மறுபக்கம் ரூத்தின் புத்தகம் "மோவாபிய ஸ்திரீ" என்று அவளைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, கடைசியில் தாவீதின் கொள்ளுப்பாட்டி என்று முடிக்கிறது. யூத ரப்பிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னா, தடை மோவாபிய ஆண்களுக்கு மட்டுமே, பெண்களுக்கு இல்லை என்று தீர்ப்புச் சொல்கிறது. அதே மிஷ்னாவில் யூதா என்ற அம்மோனியன் வந்து, நான் சபைக்கு உட்படலாமா என்று கேட்கிறான். கூடாது என்கிறார் ரப்பான் கமாலியேல். கூடும் என்கிறார் ரப்பி யோசுவா. பழைய இனங்களையெல்லாம் அசீரிய அரசன் கலந்துவிட்டான், இன்று அம்மோனியன் யார் என்று யாருக்குத் தெரியும் என்பது யோசுவாவின் வாதம். அவனைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அண்ணகருக்கும் இதே வழக்கு. அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய அண்ணகன் பணிந்துகொள்வதற்காக எருசலேமுக்குப் போய்த் திரும்பி வருகிறான். இரதத்தில் அவன் கையில் இருப்பது ஏசாயா, வாசித்துக்கொண்டிருப்பது 53ஆம் அதிகாரம். அந்தச் சுருளை இன்னும் கொஞ்சம் விரித்தால் "பட்டமரம்" வருகிறது. "நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன" என்று அவன் கேட்பது வெறும் சடங்குக் கேள்வியாக எனக்குப் படவில்லை. தடை என்ற சொல்லை வாழ்நாள் முழுவதும் கேட்டவனுடைய கேள்வி அது.

ஐயவினா எழுதியது:

இந்தப் பதிலை மதிக்கிறேன். ஒத்துக்கொள்கிறேன் என்று சொல்ல மாட்டேன். ஏசாயா 56 சரியென்றால் உபாகமம் 23 தவறு என்று சொல்லும் துணிவு வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனால் மறைக்காமல் பேசினீர்கள்.

லேவியராகமம் 21க்கு ஒரு காரணமும் யாரும் சொல்லவில்லையே? அந்தப் பையனுக்குப் பந்தியில் பங்கு உண்டு என்று சொன்னாலும், "ஏன் பலிபீடத்தில் நிற்கக் கூடாது" என்று கேட்பானே.

நெய்தல் எழுதியது:

இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கும் பிறவியிலேயே ஒரு கை சிறியது. அதனால் இந்த அதிகாரத்தோடு எனக்குப் பழைய கணக்கு உண்டு.

அடுத்த அதிகாரத்தில், 22:20 முதல், பலிமிருகத்துக்கும் இதே பட்டியல் வருகிறது. குருடு, முறிவு, சொறி. பழுது என்பதற்கு எபிரேயத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல் என்று வாசித்திருக்கிறேன். செலுத்தப்படுவதும் செலுத்துகிறவனும் முழுமையின் அடையாளமாக நிற்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் நோக்கம் என்று விளக்குவார்கள். விளக்கம் புரிகிறது. ஆனால் முழுமையின் அடையாளமாக என் உடம்பு ஆகாது என்று கேட்பது வலிக்கத்தான் செய்கிறது. அந்தத் தம்பியிடம் "வலிக்கக் கூடாது" என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

என்னை அதைவிட வருத்தியது, பின்னால் வந்தவர்கள் அந்தச் சட்டத்தை அகலமாக்கியது. சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குகைகளில் 1947 முதல் கிடைத்த பழைய யூதச் சுருள்களில் ஒன்று, முடவரும் குருடரும் சபைக் கூட்டத்திலேயே இடம் பெறக் கூடாது என்கிறது. காரணம், பரிசுத்த தூதர்கள் அங்கே இருக்கிறார்களாம். லேவியராகமம் பணிசெய்யும் ஆசாரியனுக்குச் சொன்னது, அங்கே மொத்தச் சபைக்கும் ஆகிவிட்டது. 2 சாமுவேல் 5:8இலும் ஒரு பழமொழி இருக்கிறது: குருடனும் சப்பாணியும் வீட்டிலே வரலாகாது. கிரேக்க மொழிபெயர்ப்பில் அது "கர்த்தருடைய வீடு" என்றே மாறிவிட்டது.

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு மத்தேயு 21ஐ வாசியுங்கள். இயேசு ஆலயத்தில் காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்க்கிறார். "என் வீடு ஜெபவீடு" என்று ஏசாயா 56ஐச் சொல்கிறார். அடுத்த வசனம், 21:14: "அப்பொழுது குருடரும் சப்பாணிகளும் தேவாலயத்திலே அவரிடத்திற்கு வந்தார்கள்." தாவீதின் ஊரில், தாவீதின் குமாரனிடத்தில், அந்தப் பழமொழி வெளியே நிறுத்திய அதே இரண்டு பேர். சொஸ்தமானது அதற்குப் பிறகு. வந்தபோது அவர்கள் குருடராகவும் சப்பாணிகளாகவுமே வந்தார்கள். இந்த வரிசை எனக்கு உயிர்.

வாசற்படி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை வகுப்பு முடிந்துவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், பாதியில் புத்தகத்தை மூடச் சொன்னதற்கு. பிறகு 21:22 வரை அவனையே வாசிக்கச் சொன்னேன். "புசிக்கலாம்" என்ற இடத்தை இரண்டு முறை வாசித்தான். மத்தேயு 21:14ஐயும் வாசித்தோம். ஐயவினா கேட்ட கேள்வியை அவனே கேட்டான்: ஏன் பலிபீடத்தில் நிற்கக் கூடாது? நெய்தல் சொன்ன விளக்கத்தைச் சொன்னேன். அது எனக்கும் முழுதாய் ஆறவில்லை என்றும் சொன்னேன். வகுப்பில் யாரும் பேசவில்லை.

அவன் கொஞ்ச நேரம் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். பிறகு ஆதியாகமம் 32ஐ எடுத்து, யாரும் கேட்காமலே வாசிக்கத் தொடங்கினான். யாக்கோபு இராத்திரி முழுவதும் போராடுகிறான். தேவனை முகமுகமாய்க் கண்டேன், உயிர் தப்பிப் பிழைத்தேன் என்று அந்த இடத்துக்குப் பெனியேல் என்று பேரிடுகிறான். அடுத்த வசனத்தில் பொழுது விடிகிறது, அவன் "நொண்டி நொண்டி நடந்தான்."

"அக்கா, லேவியின் அப்பாதானே இவர்?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன்.

"அப்போது ஆசாரியர் எல்லாருமே இவருடைய வம்சம்."

"ஆமாம்."

அவன் லேவியராகமம் 21க்குத் திரும்பிப் போய், பென்சிலால் பத்தொன்பதாம் வசனத்தின் ஓரத்தில் "ஆதி 32:31" என்று எழுதினான். அவன் கேட்ட அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, இங்கே கேட்கிறேன். யாக்கோபின் கால் பிறகு சரியானதாக வேதத்தில் எங்காவது இருக்கிறதா?

அலெஃப் எழுதியது:

இல்லை, சகோதரி. அடுத்த வசனத்தில் இஸ்ரவேல் புத்திரர் அதை நினைத்து இந்நாள்வரைக்கும் தொடைச்சந்து நரம்பைப் புசிக்கிறதில்லை என்று மட்டும் இருக்கிறது. கால் சரியானதாக எங்கும் எழுதப்படவில்லை. எபிரெயர் 11:21இல் மரண காலத்தில் அவன் தன் கோலின் முனையிலே சாய்ந்து தொழுதுகொண்டான் என்று இருக்கிறது. அந்த வசனத்தையும் அவனுக்குக் காட்டுங்கள்.